நெல்லுக்கு முன்னே போகும் கணக்கு

கமத்தொழிலைப் பற்றிய எழுத்து இன்று இரு வகையாக நம் முன் வந்து சேர்கிறது. ஒன்று, அமைச்சுக்களும் அபிவிருத்தி நிறுவனங்களும் தொலைபேசிக் கொம்பனிகளும் வெளியிடும் அறிக்கைகள். டிஜிட்டல் தொழில்நுட்பம் கமக்காரனின் கைக்கு வந்துவிட்டது, விலை நிலவரம் அவன் சட்டைப்பையில் இருக்கிறது, இனி இடைத்தரகனுக்கு வேலையில்லை என்று அவை பேசுகின்றன. மற்றது, நம்முடைய சிறுகதைகளும் கவிதைகளும். உழவையும் விதைப்பையும் யானைக்காவலையும் அறுவடையையும் அவை பாடுகின்றன. களவெட்டியிற் பொலி குவிந்ததும் கதை முடிந்துவிடுகிறது. ஒன்றையொன்று வாசித்தறியாத இவ்விரு எழுத்துக்களுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. நெல் கைமாறும் இடத்தை இரண்டுமே காண்பதில்லை. படுவான்கரையில் ஒரு குடும்பம் அடுத்த போகம் வரையில் எப்படி வாழும் என்பது தீர்மானிக்கப்படுவதோ அந்த இடத்திலேதான்.

முதல் வகையை எடுத்துக்கொள்வோம். அதனை முழுப் பொய்யென்று தள்ளிவிடுவது எளிது. சிலர் அவ்வாறு செய்தும் வருகின்றனர். ஆயின் விஞ்ஞானத்தைக் கண்டு அஞ்சுவது உழைப்பவனுக்குத் துணை நிற்போரின் வேலையாகாது. கேரளத்தின் வடகரையோரத்தில் நடந்ததைப் பாருங்கள். 1997 முதல் 2001 வரையிலான காலத்திற் கைத்தொலைபேசி அக்கரையோரத்திற் பகுதி பகுதியாகப் பரவியது. அதற்கு முன், ஒரு துறையில் மத்தி மீனை வாங்க ஆளின்றிக் கடலிற் கொட்டிக்கொண்டிருக்க, சில மைல் தொலைவிலுள்ள மற்றொரு துறையில் மீனின்றி வாங்குவோர் திரும்பிப் போவார்கள். கடலில் நின்றவாறே எந்தத் துறையில் என்ன விலை என்று கேட்டறிய முடிந்தபின் அவ்விரயம் பெரும்பாலும் ஒழிந்தது. மீனவரின் இலாபம் நூற்றுக்கு 8 அளவில் உயர்ந்தது. வாங்குவோர் கொடுத்த விலையும் நூற்றுக்கு 4 அளவிற் குறைந்தது. ரொபேட் ஜென்சன் என்னும் பொருளியலாளர் 2007இல் வெளியிட்ட ஆய்வின் முடிபு இது. உலகெங்கும் இத்துறையில் எழுதுவோர் அனைவரும் இந்த ஆய்வையே மேற்கோளாகக் கொள்வர். பிற்காலத்தில் அதே கரையோரத்துக்குச் சென்ற வேறு ஆய்வாளர்கள் அம்முடிபுகளை அவ்வளவு பொதுவாக எடுத்துக்கொள்ளக் கூடாதென எச்சரித்திருக்கின்றனர். அது வேறு விவாதம். நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அந்த மீனவனால் எது இயன்றது? தோணியின் தலையைத் திருப்ப இயன்றது. அவனுக்கு இயந்திரம் பூட்டிய தோணி இருந்தது. அடுத்த துறை ஓடிச் சேரும் தொலைவில் இருந்தது. அங்கே ஏலங்கூறி வாங்க ஆளிருந்தான். இவை இருந்த இடத்தில் விலைச்செய்தி பயன்பட்டது. நம் வாவியிலே முற்பணம் வாங்கித் தோணியும் வலையும் எடுத்தவன், தான் பிடித்த இறாலை முற்பணம் தந்தவரிடமே கொடுக்க வேண்டியவனாகிறான். வேறோரிடத்தில் விலை கூட என்று தொலைபேசி எத்தனை முறை சொன்னாலென்ன?

இந்தியாவிலிருந்தே இன்னும் இரண்டு உதாரணங்கள். மகாராட்டிரத்திற் குறுஞ்செய்தி வழியாகப் பயிர்விலையும் வானிலையும் அறிவிக்கும் சேவையொன்றை றொய்ட்டர்ஸ் நிறுவனம் 2007இல் ஆரம்பித்தது. அதனை நூறு கிராமங்களில் வைத்து மார்சல் பாஃப்சாம், பார்ட் மின்டன் என்னும் இருவர் ஆராய்ந்து 2012இல் எழுதினர். செய்தி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் கிடைத்த விலையிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லையென்பதே அவர்கள் கண்டது. மத்தியப் பிரதேசத்திற் கண்ட கதை வேறு. 2000ஆம் ஆண்டில் ஐ.டி.சி. கொம்பனி அங்குள்ள கிராமங்களிற் கணினி வைத்துச் சோயா விலையை அறிவிக்கலாயிற்று; அத்துடன் நில்லாமல், தன் களஞ்சியங்களிலே சோயாவை நேரே நிறுத்து வாங்கவும் செய்தது. அப்பகுதிச் சந்தைகளிற் சோயா விலை நூற்றுக்கு 1 முதல் 3 வரை உயர்ந்ததாக அபராஜிதா கோயல் 2010இற் காட்டினார். கணினி இரண்டிடத்திலும் உண்டு. வித்தியாசம், வாங்குவதற்கு இன்னொருவர் நேர்மையான தராசோடு வந்து நின்றதில் இருக்கிறது. வந்து நின்றதும் ஒரு பெருங்கொம்பனியே, அதன் சொந்த இலாபத்துக்காகவே என்பதையும் மறக்கவேண்டாம்.

இனி நம் வட்டைகளுக்கு வருவோம். உன்னிச்சை, உறுகாமம், நவகிரி, வாகனேரி ஆகிய குளங்களின் நீர் பாயும் வயல்களில் நெல்லைத் தவிர வேறு பேச்சில்லை. நெற்பயிரையே வேளாண்மை என்று அழைக்கும் நாடு இது. இங்கே கடந்த தலைமுறைக்குள் நிகழ்ந்த பெருமாற்றம் தொலைபேசியால் வந்ததென்று நான் கருதவில்லை. அது வெட்டு மெசினால் வந்தது. இதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும், ஏனெனில் அறிக்கைகளும் கதைகளும் தவறவிட்ட இடம் இதுவே.

முன்னர் வேளாண்மையைக் கையால் வெட்டி, உப்பட்டியாகக் கட்டிச் சூடு வைப்பார்கள். ஒழுங்காக வைத்த சூடு மழைக்கும் தாங்கும். அதனுள் நெல் வாரக்கணக்கிற் கெடாது கிடக்கும். ஆளும் மாடும் பின்னாளில் உழவு இயந்திரமும் வாய்க்கின்ற நாளிற் சூடு மிதிப்பார்கள். அந்தச் சூடு கமக்காரனுக்குச் செலவில்லாத களஞ்சியமாக இருந்தது. எப்போது மிதிப்பது, எப்போது விற்பது என்பதில் ஓரளவேனும் அவன் கை ஓங்கியிருந்தது. பழைய நாளைப் பொற்காலமாக்குவது என் நோக்கமன்று. மிதித்த நெல்லிற் போடியாரின் பங்கு போகும். விதைநெற் கடனும் வட்டியும் போகும். ஒரு போகம் முழுவதும் வாடியிற் கிடந்து உழைத்த வயற்காரனுக்கும் அவர்களுக்குத் தலைவனான முல்லைக்காரனுக்கும் எஞ்சியது எவ்வளவு என்பதை இப்பகுதி முதியோர் இன்றும் கசப்போடு சொல்வர். ஆயினும் அந்த அமைப்பில் நெல் காத்திருக்கக் கூடியதாயிருந்தது.

வெட்டு மெசின் ஓரேக்கரைச் சில மணி நேரத்தில் வெட்டி, அடித்து, நெல்லாகவே கொட்டிவிடுகிறது. கூலிக்கு ஆள் கிடைக்காத காலத்தில் அது வரமாயிற்று. முதுகு ஒடியக் குனிந்து வெட்டிய பெண்களும் ஆண்களும் அவ்வேலையினின்று விடுபட்டனர், கூலியினின்றுங்கூட விடுபட்டனர். ஆனால் மெசின் கொட்டும் நெல் ஈரநெல். நூற்றுக்கு இருபதுக்கு மேல் ஈரம் இருக்கும். ஓரிரு நாளுக்குள் விரித்துக் காயவைக்காவிட்டால் மூடைக்குள்ளேயே சூடேறி நிறம் மாறும், முளைகொள்ளும். காயவைக்க எங்கே இடம்? களவெட்டிகள் மறைந்துவிட்டன. தெருவின் ஓரத்திலே படங்கு விரித்து, வாகனங்களுக்கு நடுவே நெல் துழாவும் காட்சியைத் தை, மாசி மாதங்களில் இப்பகுதியிற் பயணஞ்செய்தோர் கண்டிருப்பர். மழை மீண்டும் இருட்டினால் அதுவும் இல்லை. ஆகவே வயலோரத்திற்கு வரும் லொறிக்கு, வந்த அன்றே, லொறிக்காரர் சொன்ன விலைக்கு நெல்லை ஏற்றிவிடுவதே பெரும்பாலார்க்கு வழி. அந்த லொறிகளிற் பல பொலநறுவையின் பெரிய ஆலைகளை நோக்கிப் போகின்றன. சில காலம் கழிந்து அதே நெல் அரிசியாகி நம் கடைகளுக்குத் திரும்பி வருகிறது.

சரியாக இந்தக் கட்டத்திலேதான் விலை நிலவரம் தொலைபேசிக்கு வந்து சேர்ந்தது. காத்திருக்கும் வலு கமக்காரனிடமிருந்து போன பிறகு, காத்திருந்தால் என்ன கிடைக்கும் என்ற செய்தி அவனுக்கு இலவசமாகக் கிடைக்கிறது! ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகம் விலைகளைச் சேகரித்து வெளியிடுகிறது; விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி எண்ணுக்கு அழைத்து நோயையும் பூச்சியையும் பற்றி ஆலோசனை பெறலாம். இவை நல்ல பணிகள். இலையிற் கண்ட புள்ளியைப் படமெடுத்து அனுப்பி, வீண் மருந்து அடிக்காமல் தப்பிய கமக்காரர் உண்டு. மழை முன்னறிவித்தலைப் பார்த்து வெட்டை ஒருநாள் முந்தி வைத்தவர் உண்டு. பயிர் நிலத்தில் நிற்கும் வரையில் அறிவு பயன்படுகிறது. பயிர் மூடைக்குள் போனபின் அறிவோடு வேறொன்றும் வேண்டியிருக்கிறது.

மேலும், தொலைபேசி கமக்காரனிடம் மட்டும் இருக்கவில்லை. மெசின் எந்த வட்டையில் எந்த நாளில் இறங்குகிறது என்பது மெசின்காரருக்குத் தெரியும். அவர் வழியாக நெல் வாங்குவோருக்கும் தெரியும். யார் பசளைக்கும் எண்ணெய்க்கும் கடன்பட்டிருக்கிறார், எந்த வட்டையில் ஈரம் கூட, எங்கே மழை வரப்போகிறது என்பன எல்லாம் நெல் லொறியில் ஏறுமுன்பே ஆலைக்குப் போய்விடுகின்றன. கமக்காரனுக்குப் பொலநறுவை விலை தெரியும். ஆலைக்காரருக்கோ நூறு வட்டைகளின் நிலை தெரியும். அறிவு இரு பக்கமும் கூடியது உண்மை. கூடிய அளவு ஒன்றல்ல.

இங்கே ஒரு பழைய வழக்கம் நினைவுக்கு வருகிறது. களவெட்டியில் நெல்லை நெல்லென்று சொல்லார், பொலி என்பர். அளக்கும்போது முதல் எண்ணை ஒன்று என்று கூறாது இலாபம் என்பர். களத்தில் வழங்கிய இத்தகைய குழூஉக்குறிச் சொற்களைப் பண்டிதர் வி. சீ. கந்தையா 'மட்டக்களப்புத் தமிழகம்' என்னும் தம் நூலில் (1964) பதிந்துவைத்தார். பூதங்கள் கணக்கை அறிந்தால் விளைவைக் கவர்ந்துவிடும் என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம் என்பர். மூடநம்பிக்கையென்று நாம் சிரிக்கலாம். ஆயினும் தன் விளைவின் அளவைப் பிறன் அறிவது தனக்கு ஆபத்து என்னும் அனுபவம் அந்த நம்பிக்கைக்கு அடியில் இருந்ததா, இல்லையா என்பதை ஆராய்ச்சி மாணவர் எவரேனும் எடுத்துப் பார்க்கட்டும்.

தராசைப் பற்றியும் ஒரு வார்த்தை. லொறியோடு வரும் மின்தராசிற் சிவப்பு எழுத்தில் நிறை ஒளிர்கிறது. எடைக்கல்லில் மோசடி செய்த நாளை எண்ணிப் பார்த்தால் இது பெரிய முன்னேற்றமே. எழுத்தறியாத கிழவரும் இலக்கத்தை அறிவார். ஆனால் இலக்கம் ஒளிர்ந்து முடிந்தபின், ஈரத்துக்கென்றும் பதருக்கென்றும் சாக்குக்கென்றும் மூடைக்கு இத்தனை கிலோ கழிவு என்று வாயினாற் சொல்லப்படுகிறது. அந்தக் கழிவுக்குத் தராசு கிடையாது. ஈரத்தை அளக்கும் கருவி இருப்பினும் பெரும்பாலும் அது வாங்குபவர் கையிலேயே இருக்கிறது. இருப்பது வேண்டிய இடத்தில் இல்லையென்பதே இங்கு முழுத் துன்பமும்.

அரசாங்கம் தலையிட்டால் இதெல்லாம் தீரும் என்பவர்க்கு 2025ஆம் ஆண்டின் பெப்ரவரி மாதத்தை நினைவூட்டலாம். அம்மாதத்தின் முதல் வாரத்தில் நாட்டு நெல் கிலோவுக்கு 120 ரூபா, சம்பா 125 ரூபா, கீரிச்சம்பா 132 ரூபா என உத்தரவாத விலை அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு அந்த நாழிகையிலேயே எல்லாத் தொலைபேசிகளுக்கும் வந்துவிட்டது. கிழக்கிலே வெட்டு அதற்கு முன்னரே தொடங்கிவிட்டிருந்தது, விற்றவர் விற்றாயிற்று. மிஞ்சியோர்க்கும் நெல் சந்தைப்படுத்தும் சபையின் களஞ்சியம் ஈரம் நூற்றுக்கு 14 அளவில் உள்ள நெல்லையே கேட்கிறது. காயவைக்க இடமுள்ளவனுக்கே உத்தரவாத விலை. அச்சபை 1971ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பிறந்தது. அதற்கும் முந்திய பல ஆண்டுகள் உத்தரவாத விலைத் திட்டத்தின்கீழ்க் கிராமத்துக் கூட்டுறவுச் சங்கங்களே நெல்லை வாங்கின. அச்சங்கங்களில் ஊழலும் தாமதமும் இருந்தன என்பது தெரிந்ததே. எனினும் வாங்கும் இடம் வயலுக்கு அருகே இருந்தது.

இனிப் பதிவேட்டின் கதை. 2024/25 பெரும்போகத்தில் நெற்செய்கையாளருக்கு ஹெக்டேயர் ஒன்றுக்கு 25,000 ரூபா வீதம், இரண்டு ஹெக்டேயர் வரையில், பசளை மானியம் வங்கிக் கணக்கில் வைப்பிலிடப்பட்டது. மூடையாகக் கொடுத்த காலத்தில் வழியிற் கசிந்தது இப்போது கசிவதில்லை. இதனை மறுப்பவர் நேர்மையற்றவர். ஆயின் பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது? கமநல சேவை நிலையத்தின் பதிவில் எவர் பெயர் உளதோ அவர் கணக்குக்கு. படுவான்கரை வயல்களிற் பலவற்றின் உரியவர் எழுவான்கரையிலோ கொழும்பிலோ கடல் கடந்தோ இருக்கின்றனர். வயலைச் செய்பவர் வாய்ப்பேச்சிற் குத்தகைக்கு எடுத்தவர். எழுத்தில்லை, எழுத்துக் கொடுத்தால் உரிமை போய்விடுமென்ற அச்சம் உரியவர்க்கு. ஆகவே பசளை வாங்கிப் போட்டவர் ஒருவர், மானியம் பெறுபவர் இன்னொருவர் என்ற நிலை தோன்ற இடமுண்டு. கணினி தவறு செய்யவில்லை. அதற்குக் கொடுக்கப்பட்ட பெயரை அது பிழையின்றி, விரைவாக, இலட்சக்கணக்கான முறை திருப்பிச் சொல்கிறது.

இந்த நோய் கணினியோடு வந்ததன்று. 1958ஆம் ஆண்டில் விவசாய உணவு அமைச்சர் பிலிப் குணவர்தன நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். குத்தகைச் செய்கையாளனை நிலத்தினின்றும் வெளியேற்றக் கூடாது, குத்தகைக்கு வரம்பு வேண்டும், பயிர்ச்செய்கைக் குழுக்களிற் செய்கையாளனே இருக்கவேண்டும் என்பன அதன் உயிர்நாடி. சொந்த அமைச்சரவைக்குள்ளேயே அதற்குப் பல்லுப் பிடுங்கப்பட்டது. சட்டம் வந்ததும் நாட்டின் பல பகுதிகளில் நிலவுடைமையாளர் செய்கையாளரை வெளியேற்றினர். வெளியேற்றாதவிடத்தும் அவர்கள் பெயர் பதிவேறாமற் பார்த்துக்கொண்டனர். அன்று பதிவேட்டில் ஏறாத பெயரின் பேரப்பிள்ளைகள் இன்று தரவுத்தளத்திலும் இல்லை. புதிய கருவி பழைய உறவை அப்படியே படியெடுத்து வைத்திருக்கிறது. உற்பத்திக் கருவி மாறினால் உற்பத்தி உறவுகள் தாமாகவே மாறிவிடும் என்று பொறிமுறையாக நம்புவோர், நம் அணியிலும் இருக்கின்றனர், இதைச் சற்றே கவனிக்க வேண்டும்.

செய்தி பாயும் திசையைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரு வர்த்தமானியால் தடுக்கப்பட்டது. நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. அந்த ஆறு மாதங்களும் கமக்காரரிடம் தொலைபேசி இருந்தது. விளைவு சரியும் என்று அவர் அறிந்தும் இருந்தார். அதனை மேலே சொல்ல அவருக்குக் கிடைத்த கருவி தெருவில் இறங்கிக் கொடும்பாவி எரிப்பதாகவே இருந்தது.

இப்போது இரண்டாம் வகை எழுத்துக்கு, அதாவது நம்முடைய இலக்கியத்துக்கு வருகிறேன். பெரியநீலாவணைக் கவிஞர் நீலாவணன் 1975இல் மறைந்தபின், 1982இல் நூலாக வெளிவந்தது அவருடைய 'வேளாண்மை'. இப்பகுதியின் நெற்செய்கையையும் அதனைச் சூழ்ந்த குடும்ப வாழ்வையும், இந்த மண்ணின் சொல்லிலேயே கட்டி நிறுத்திய காவியம் அது. கமத்தொழிலின் கருவிகளையும் கருமங்களையும் பெயர் சொல்லியழைத்த துணிவுக்காகவே அதை மாணவருக்குப் படிப்பிக்கலாம். அவர் தம் காலத்து வேளாண்மையைத் தம் காலத்துச் சொல்லால் எழுதினார். நாமோ நம் காலத்து வேளாண்மையை அவர் காலத்துச் சொல்லால் எழுதிக்கொண்டிருக்கிறோம். சஞ்சிகைகளுக்கு வரும் கதைகளில் இன்றும் மாடு சூடு மிதிக்கிறது. போடியார் மீசையை முறுக்குகிறார். கதிரறுக்கும் பெண் பாடுகிறாள். அந்தப் போடியாரின் பேரன் இன்று கனடாவில் இருக்கலாம். நிலத்தை யாருக்குக் கொடுத்திருக்கிறார் என்பதே அவருக்குத் தொலைபேசியிற்றான் தெரியும். அவரை வைத்து எவரும் ஒரு கதை எழுதக் காணோம். சுரண்டுபவனின் முகம் கண்முன் தெரிந்த காலத்தில் அவனை எழுதுவது எளிது. விலையை நிர்ணயிப்பவன் நூறு மைல்களுக்கு அப்பால் இருக்க, அவன் சொல்லை வயலோரத்தில் வந்து சொல்லும் லொறிச் சாரதியும் கடன்பட்டவனாகவே இருக்க, பகைமையை எந்த முகத்தில் எழுதுவது? இது உண்மையான கலைச்சிக்கல். இதற்கு முகங்கொடுக்காமல், பழைய மீசைக்குள் ஒளிந்துகொள்வதை யதார்த்தவாதம் என்று பெயரிட்டு அழைப்பதற்கில்லை.

அறிக்கைகளின் தமிழைப் பற்றியும் ஒரு தமிழாசிரியன் முறையிடலாம். அவற்றிற் கமக்காரன் 'பயனர்' ஆகிறான். நெல் 'விநியோகச் சங்கிலி'யின் ஒரு கண்ணியாகிறது. கடன் 'நிதி உள்ளடக்கம்' ஆகிறது. வட்டை, வாடி, கழிவு, குத்தகை என்னும் சொற்களுக்கு அங்கே இடமில்லை. கழிவு என்ற சொல் இல்லாத கையேட்டிற் கழிவைப் பற்றிய முறைப்பாட்டை எப்பெட்டியில் எழுதுவது? பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தகப்பன்மாருக்குக் குறுஞ்செய்தியை வாசித்துப் பொருள் சொல்லிக் கொடுக்கிறார்கள். சில சொற்களுக்கு என்னிடம் வந்து பொருள் கேட்கிறார்கள். எனக்கும் சில வேளைகளில் ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பார்த்தே விளங்குகிறது.

என்ன செய்யலாம்? பெரிய திட்டங்கள் வரைவது என் தகைமைக்கு அப்பாற்பட்டது. ஆயினும் மேற்கூறியவற்றிலிருந்து சில தாமாகவே எழுகின்றன. ஒவ்வொரு வட்டைக்கும் அருகிற் சீமெந்துக் களமும் உலர்த்தும் இயந்திரமும் கமக்காரர் அமைப்பின் பொறுப்பில் இருக்குமானால், ஈரத்தை அளக்கும் கருவி அவ்வமைப்பின் கையில் இருக்குமானால், களஞ்சியத்தில் வைத்த நெல்லைக் காட்டி வங்கியிற் கடன் பெற முடியுமானால், அன்றைக்கே தொலைபேசி சொல்லும் விலைக்கு அர்த்தம் பிறக்கும். பதிவேட்டைத் திருத்துவதும் கிராமத்திலேயே, வயலைச் செய்பவர்கள் முன்னிலையில், வாய்விட்டு வாசித்து நடைபெற வேண்டும். இவற்றுக்கு நிதி வேண்டும். அதனினும் மேலாக இவற்றைக் கேட்கும் அமைப்பு வேண்டும். கேட்பதற்கு ஆதாரமும் வேண்டும். இங்கேதான் நம் பாடசாலைகளுக்கு ஒரு வேலை உண்டு. ஒரு வட்டையில் எந்த நாளில் மெசின் இறங்கியது, லொறிக்காரர் என்ன விலை சொன்னார், அன்று அரசின் விலை என்ன, ஈரம் எவ்வளவு என்று யார் அளந்தார், மூடைக்கு எத்தனை கிலோ கழித்தார்கள், நிலம் யார் பெயரில், செய்தவர் யார் என்பனவற்றை மாணவர் பத்துப் பேர் ஒரு போகம் முழுவதும் குறித்து வந்தால், இதுவரை எந்த அறிக்கையிலும் இல்லாத ஏடொன்று நம் கையில் இருக்கும். பெயர்களை வெளியிட வேண்டுவதில்லை. கொப்பியிலும் குறிக்கலாம், தொலைபேசியிலும் குறிக்கலாம். வரும் தை மாதத்தில் முதல் மெசின் இறங்குமுன் தொடங்க வேண்டும்.